விஞ்ஞானியின் எண்ணெய் வண்டி

காசு கொடுத்து டீசல் போடுகிறவனெல்லாம் முட்டாள் என்பது அவள் புருஷனின் கண்டுபிடிப்பு. அதனால் தெருக்காரர்கள் அவனுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவனோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, யாராவது அப்படிக் கூப்பிட்டால் அடக்கமாகத் தலையை ஆட்டினான்.

ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஹோட்டல்களின் பின்வாசலில் போய் நிற்பான். பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை டின் டின்னாக வாங்கி வருவான். ஹோட்டல்காரனுக்குச் சனியன் தொலைந்தது. இவனுக்குப் புதையல் கிடைத்தது. கார் ஷெட்டில் வைத்துத் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுவான். துணி யாருடையது? அவளுடையது. அவள் தையல்காரி. ஷெட்டை ஒட்டிய அறைதான் அவளுடைய தையல் அறை. லைனிங் துணியில் நல்லதாகப் பார்த்து உருவிக்கொண்டு போவான். கேட்டால், "உலகத்தையே காப்பாத்திட்டிருக்கேன், நீ ஒரு முழத் துணிக்கு அழறே" என்பான். உலகம் இவன் காலில் விழுந்து கெஞ்சியதாக்கும்!

வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் போகிற தெருவெல்லாம் மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற வாசனையைப் பரப்பிக்கொண்டு ஓடியது. நாய்கள் பின்னால் வந்தன. அவன் மட்டும் மூக்கைச் சுளித்ததே இல்லை. "எனக்கு ஒண்ணும் வரலையே" என்பான், சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு. தன் நாற்றம் தனக்கே தெரியாத ஒரு பிறவியோடு குடும்பம் நடத்துகிறோமே என்று அவளுக்குக் கேவலமாக இருந்தது. முதலில் கோபப்பட்டாள். பிறகு அதற்குக்கூட அவன் லாயக்கில்லை என்று விட்டுவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. நர்ஸ்கள் எல்லோருக்கும் சீருடை. மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொடுத்து, அது மேட்ரனுக்குப் பிடித்துவிட்டால் வேலை அவளுக்குத்தான். கிழிசலும் பட்டனும் தைத்தே காலம் தள்ளியவளுக்கு இது முதல் பெரிய வேலை. கிடைத்தால் கடைத்தெருவில் தனியாக ஓர் அறை எடுக்கலாம். ஷெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிற தலைவிதி தீரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்துப் பார்த்து முடித்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவுக்குள் மாட்டினாள்.

"நாளைக்கு நானே கொண்டு விடுறேன்" என்றான் விஞ்ஞானி. "ஆஸ்பத்திரிக்காரங்களும் நம்ம வண்டியப் பாக்கட்டும்."

அன்று சாயங்காலம் அவன் வண்டியோடு வந்து நின்றபோது, எதிர்வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இது எப்படி எண்ணெயில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டார். போதாதா?

"வாங்க சார், காட்டுறேன். டீசல்ல கிளப்பணும். என்ஜின் சூடானதும் இந்த சுவிட்ச். தட்டினா எண்ணெய். ஆனா வண்டிய அணைக்கிறதுக்கு முன்னாடி மறுபடி டீசலுக்கு மாத்திக் கொஞ்ச நேரம் ஓடவிடணும். இல்லேன்னா ராத்திரி குளிர்ல குழாய்க்குள்ள எண்ணெய் உறைஞ்சு போயிடும். நிறையப் பேரு இங்கதான் கோட்டை விடுறாங்க. மூளை வேணும் சார், மூளை!"

அதைச் சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். சுவிட்சைத் தொடவே இல்லை. எதிர்வீட்டுக்காரரை விடாமல் ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனான், வடிகட்டுகிற அழகைக் காட்ட.

ஊருக்குத்தானே உபதேசம். காலையில் வண்டி இருமியது, முக்கியது, அப்புறம் அதுவும் இல்லை. அவன் குளிரைத் திட்டினான், பேட்டரியைத் திட்டினான், வண்டியை விற்றவனின் பரம்பரையைத் திட்டினான்.

"கொஞ்சம் இரு, இப்ப சரி பண்ணிடுறேன்."

"நீங்க உலகத்தக் காப்பாத்திட்டு மெதுவா வாங்க" என்று அவள் உறையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வேறு சீட்டுக்கு எழுந்து போனாள். முன்னால் இருந்தவர் அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்தார். எவனோ காலங்காத்தாலே பொரித்ததைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறான், இங்கிதம் தெரியாத ஜென்மம் என்று அவளும் சுற்றுமுற்றும் முறைத்துப் பார்த்தாள்.

மேட்ரன் அன்பான மனுஷி. சீருடையை வெளியே எடுத்தார், காலரைத் தடவினார், தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். "வேலை ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் மேட்ரன் துணியை மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று தள்ளிப் பிடித்தார்.

"நீங்க சமையல்கட்டுல உக்காந்தா தைக்கிறீங்க?"

"இல்லையே! ஏன் கேக்குறீங்க?"

"பொரிச்ச வாடை. துணியிலயும் இருக்கு..." மேட்ரன் தயங்கினார். "உங்க மேலயும் இருக்கும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. வாந்தி எடுக்கிற பேஷன்ட் பக்கத்துல இதப் போட்டுக்கிட்டு எப்படிப் போய் நிக்கிறது?"

அவள் சீருடையைப் பிடுங்காத குறையாக வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள். இழுத்து இழுத்து முகர்ந்தாள். புதுத் துணி வாசனைதான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. அவமானத்தில் காது வரை எரிந்தது.

"வேற இடத்துல வச்சுத் தச்சு, அடுத்த வாரம் கொண்டு வாங்க" என்றார் மேட்ரன். "அதுக்குள்ள வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது விஞ்ஞானி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். முகமெல்லாம் பிசுக்கு, வாயெல்லாம் பல்.

"கண்டுபிடிச்சுட்டேன்! சுவிட்ச மாத்தாம அணைச்சிருக்கு. நீயாவது நேத்து ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாது?"

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வீரன். வேறு நாளாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இன்றைக்கு நேராக உள்ளே போய்த் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க போறே?"

"அக்கா வீட்டுக்கு. அங்கதான் இனிமே தைக்கப் போறேன்."

"அட, அதான் வண்டி சரியாயிடுச்சே! நானே கொண்டு விடுறேன், ஏறு."

அவள் தெருமுனை வரை மெஷினைச் சுமந்துபோய் ஒரு வாடகைக் காரை நிறுத்தி ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் கண்ணாடி வழியாக அவளை ஒருமுறை பார்த்தான். மூக்கைத் தேய்த்துக்கொண்டு, சங்கடத்தோடு தன் பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினான்.

"நல்லாத் திறப்பா" என்றாள் அவள். "எல்லா ஜன்னலையும் திற."