செவுள் அழுகலும் ஒரு பேராசிரியரும்

மீன் நோய்களுக்கென்று வரும் ஆய்விதழ் ஒன்றில் அவள் துணையாசிரியை. அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு மேசை, ஓர் அலமாரி, மூடினால் மறுபடி திறக்காத ஒரு சன்னல். அதனால் யாரும் அதை மூடுவதில்லை. மழை வந்தால் மேசையை நகர்த்திக்கொள்வார்கள். எதிர் மேசையில் முதன்மை ஆசிரியர் இருப்பார். ஓய்வு வயதைத் தாண்டியவர். யாரும் நினைவுபடுத்தாததால் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்.

இதழின் தலைவலியெல்லாம் மதிப்பீட்டாளர்களால்தான். வருகிற கட்டுரையை அச்சிடுமுன் துறை தெரிந்த வெளியாள் ஒருவர் படித்துப் பார்த்து, ஏற்கலாமா தள்ளலாமா என்று சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, பெயரும் வெளியே தெரியாது. கேட்டவர்களில் பாதிப் பேர் பதில் போடுவதில்லை. பதில் போடுகிறவர்களில் பாதிப் பேர் கட்டுரையைப் படிப்பதில்லை. "நல்ல கட்டுரை. வாழ்த்துகள்" என்று ஒருவர் எழுதி அனுப்பினார். அவருக்குப் போன கட்டுரையில் முடிவுரையே விட்டுப்போயிருந்தது.

இந்த வறட்சியில்தான் அந்தப் பேராசிரியர் வந்து சேர்ந்தார்.

அவளுடைய கொழுந்தன், அதாவது கணவனின் தம்பி, மீன்களுக்கு வரும் செவுள் அழுகல் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தான். இதை மதிப்பிடத் தகுந்தவர் என்று தொலைதூரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் பெயரையும் மின்னஞ்சலையும் கூடவே குறித்திருந்தான். அப்படிக் குறிப்பது வழக்கம்தான். அவள் அன்றைக்கே, "சார், இது எங்க வீட்டுக்காரரோட தம்பி எழுதினது. நான் இதுல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். முதன்மை ஆசிரியரே அதைப் பேராசிரியருக்கு அனுப்பினார். இரண்டே நாளில் நான்கு பக்க மதிப்பீடு வந்தது. சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம் என்றிருந்தது. கட்டுரை அச்சேறியது.

அதன்பின் முதன்மை ஆசிரியர் அவரை விடவில்லை. குஞ்சுப் பொரிப்பகம், குடற்புழு, பூஞ்சை, எது வந்தாலும் பேராசிரியருக்குத்தான். அவரும் சளைக்கவில்லை. ஒருமுறை, கொழுந்தன் வேலை பார்க்கும் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரே அனுப்பிய கட்டுரைக்கு, "மூன்றாம் படத்தில் நோயுற்ற மீனும் ஐந்தாம் படத்தில் குணமான மீனும் ஒரே மீன். தலைகீழாகத் திருப்பியிருப்பதால் குணமாகிவிட்டதாகக் கொள்ள முடியாது" என்று எழுதி நிராகரித்தார். முதன்மை ஆசிரியர் அந்த வரியை எழுந்து நின்று படித்தார்.

"மனுஷன்னா இவர்தாம்மா. இந்த வருஷம் சிறந்த மதிப்பீட்டாளர் விருது இவருக்குத்தான். ஒரு போட்டோ கேட்டு வாங்குங்க."

அவள் கேட்டாள். மறுநாள் காலை பதில் வந்தது. புகைப்படம் எடுத்துக்கொள்வதில் தனக்கு விருப்பமில்லை; ஆனாலும் அனுப்ப 'முயற்ச்சிக்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

அந்தக் கூடுதல் 'ச்' அவளுக்கு உறுத்தியது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொழுந்தன், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வர 'முயற்ச்சிக்கிறேன்' என்று போட்டிருந்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். அப்படியொரு பேராசிரியர் தங்களிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று எடுத்தவர் சொன்னார்.

கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். மாமியார் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவனைச் சமையலறைக்கு அழைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, பேராசிரியர் எப்படி இருக்காரு?"

அவன் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது அண்ணி?"

"முயற்சிக்கு எத்தனை ச்?"

அவன் யோசித்தான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை.

"என் கட்டுரை ஒண்ணு மட்டும் போகட்டும்னுதான் அந்தப் பேர்ல ஒரு மெயில் தொடங்கினேன்," என்றான். "எட்டு மாசம், பத்து மாசம் இழுத்தடிக்கிறாங்க. பதவி உயர்வு கைவிட்டுப் போயிடும்னு பயம். ஆனா உங்க சார் அடுத்ததை அனுப்பினாரு. முடியாதுன்னா சந்தேகம் வரும்னு படிச்சேன். அப்புறம்..."

"அப்புறம் என்ன?"

"பிடிச்சுப்போச்சு அண்ணி. அந்தாளுக்கு எல்லாரும் எவ்வளவு மரியாதையா பதில் போடுறாங்க தெரியுமா? 'தங்கள் மேலான கவனத்துக்கு நன்றி'ன்னு. எனக்கு எங்க ஆபீஸ்ல குட்மார்னிங் சொன்னாக்கூடப் பதில் வராது."

"இயக்குநர் கட்டுரை?"

"ரெண்டும் ஒரே மீன்தான். நானே பிடிச்ச மீன். அதை என் பேர்ல சொன்னா என்ன ஆகும்?"

அவளுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. குழாயை மூடினாள்.

"நாளைக்கு நீங்களே வந்து சார்கிட்ட சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

"அண்ணி, நான் உங்க வீட்டுப் பையன்."

"அதனாலதான் ஒரு நாள் டைம் தர்றேன்."

அவன் மறுநாள் வந்தான். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். முதன்மை ஆசிரியர் கேட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து பழைய மதிப்பீடுகளின் கட்டை எடுத்துப் புரட்டினார்.

"அப்போ அந்தக் குடற்புழுக் கட்டுரைக்கு எழுதினது?"

"நான்தான் சார்."

"ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க," என்றார் துக்கத்தோடு. பிறகு, மறுபடி ஆசிரியராகிவிட்டவர்போலக் குரலை மாற்றிக்கொண்டு, "உங்க கட்டுரையைத் திரும்பப் பெற்றாச்சுன்னு அறிவிப்பு போடுவோம். காரணமும் போடுவோம். உங்க நிலையத்துக்கும் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

எல்லாம் அப்படியே நடந்தது. பதவி உயர்வு போயிற்று. நான்கு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். மாமியார் மருமகளோடு பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொன்னார். கணவன் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டான். விருது அந்த வருடம் யாருக்கும் தரப்படவில்லை.

பேராசிரியர் படித்த கட்டுரைகள் எல்லாவற்றையும் புது ஆட்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இயக்குநரின் கட்டுரையும் அதில் இருந்தது. புதிதாகப் படித்தவர் தாராளமாக ஏற்கலாம் என்று எழுதிவிட்டார். அவள் மூன்றாம் படத்தையும் ஐந்தாம் படத்தையும் அச்செடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, முதன்மை ஆசிரியர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பெரிய இடம்மா," என்றார் அவர்.

"ஒரே மீன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நிராகரிப்புக் கடிதத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். தொலைபேசி அன்று மாலையே அலறியது. அவர் எடுத்தார், இயக்குநர் சொன்னதைக் கேட்டார், "ஆமாம், நான்தான்" என்றார், வைத்தார். பிறகு அடுத்த கட்டுரையை எடுத்துப் பிரித்தார்.

ஒரு வருடம் கழித்து, செவுள் அழுகல் சோதனையை முதலிலிருந்து செய்து, கொழுந்தன் வேறோர் இதழுக்கு அனுப்பினான். மதிப்பீட்டாளர் என்று யார் பெயரையும் குறிக்கவில்லை. பதில் வந்த அன்று நேராக அவள் வீட்டுக்கு வந்தான்.

"தள்ளிட்டாங்க அண்ணி."

"என்ன சொல்றாங்க?"

"தண்ணியோட சூட்டை நான் கணக்கிலேயே எடுத்துக்கலையாம். ஆறு பக்கம் எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியல." அவன் தாள்களைப் புரட்டினான். "கரெக்டாத்தான் சொல்றாங்க. என் கட்டுரைக்கு நானே மதிப்பீடு எழுதினப்போ இது எனக்குத் தோணவே இல்ல."

கூடத்திலிருந்து மாமியார், அவனுக்குச் சாப்பாடு போடலாமா என்று பூனையிடம் கேட்டார். அவள் தட்டு எடுக்கப் போனாள்.