ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏழு பெயர்கள்

பேசித் தீர்க்க வேண்டிய காரியத்தையும் கீபோட்டில் தட்டித் தீர்க்கப் பார்க்கிற ஆள் நிர்மல். கலியாணமான புதிதில் மனைவி கிறேஸ் இதைச் சொல்லிச் சிரிப்பாள். 2009ஆம் ஆண்டு சித்திரை மாதம் அவள் சிரிப்பதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

அவளுடைய ஒரே அண்ணன் கிறிஸ்தோப்பர் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கிறேஸ் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரி வேலையை நிறுத்திவிட்டு மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதி வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால் கணினிக்கு முன்னால்தான். ஏழு தமிழ்ச் செய்தித் தளங்கள். ஒன்றை மூடினால் மற்றது. ஒவ்வொரு பிணத்தின் படத்தையும் பெரிதாக்கி, முகத்தில் அண்ணனைத் தேடுவாள். தேத்தண்ணீர் பக்கத்தில் ஆறிக் கிடக்கும். பிரஷர் ஏறிக்கொண்டே போனது. இப்படியே போனால் பிள்ளைக்கு ஆபத்து, இந்தப் படங்களை அவள் பார்க்கக்கூடாது என்று டொக்டர் நிர்மலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வேறொருவனாக இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பான். நிர்மல் தன் ஸ்கிரிப்டைத் திறந்தான்.

வீட்டுக் கணினியில் விளம்பரங்களைத் தடுக்க அவன் முன்பே எழுதி வைத்திருந்த சிறு நிரல் அது. கணினியில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒரு தளத்தைத் தேடி வெளியே போகுமுன் கணினி முதலில் இதைத்தான் பார்க்கும். அந்தத் தளத்தின் பெயருக்கு நேரே கணினியின் சொந்த முகவரியை எழுதிவிட்டால், அது தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு ஆளில்லை என்று திரும்பிவிடும். அப்படித் தடுக்க வேண்டிய பெயர்களின் பட்டியல்களை இணையத்தில் பலர் இலவசமாகப் போட்டிருந்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் அவற்றில் மூன்றை இறக்கும். நிர்மலின் சொந்தப் பட்டியலையும் சேர்க்கும். இரட்டித்த பெயர்களை நீக்கிக் கோப்பில் எழுதும். ஒருமுறை இறக்கம் தடைப்பட்டுக் கோப்பு வெறுமையாகிப் போனதால், புதிய பட்டியலோடு பழைய கோப்பையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வரி போட்டிருந்தான். கெட்டிக்காரத்தனமான வரி என்று அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

சொந்தப் பட்டியலில் ஏழு பெயர்களைச் சேர்த்தான். இரண்டு நிமிட வேலை.

"இஞ்சாருங்கோ, ஒரு தளமும் வருகுதில்லை" என்றாள் கிறேஸ் அடுத்த நாள்.

"ஆரோ தாக்கி முடக்கிப்போட்டாங்கள் போல. வேலையிலயும் வரேல்லை."

அவள் நம்பினாள். அந்த நாட்களில் அது நடக்கக்கூடிய காரியம்தான். தெரிந்தவர்களுக்கெல்லாம் நிர்மல் போன் எடுத்து, நல்லதோ கெட்டதோ கிறேஸுக்கு ஊர்ச் செய்தி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மூன்று கிழமையில் பிரஷர் இறங்கியது. டொக்டர் அவன் தோளில் தட்டினார். பொய் சொன்ன உறுத்தல் இல்லாமலில்லை. ஆனால் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டபோது அது பறந்துபோனது.

வைகாசியில் சண்டை முடிந்தது. அது மட்டும் கிறேஸின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? அன்று அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"முகாமில இருக்கிற ஆக்களின்ர பேர் போடுறாங்களாம். அண்ணையின்ர பேரும் இருக்கும். அந்தத் தளங்கள் எப்ப வரும்?"

நிர்மலுக்கு நெஞ்சு இளகிவிட்டது. புதன்கிழமை தன் பட்டியலிலிருந்து ஏழு பெயர்களையும் அழித்தான். உண்மையைச் சொல்லத் துணிவில்லை. காலையில் ஸ்கிரிப்ட் ஓடும், தளங்கள் தாமாகத் திரும்பி வந்ததாக இருக்கட்டும், பொய்யும் அதோடு கரைந்துபோகட்டும் என்று நினைத்தான்.

காலையில் ஸ்கிரிப்ட் ஓடியது. தளங்கள் வரவில்லை. தன் பட்டியலைத் திறந்து பார்த்தான். ஏழு பெயரும் அங்கே இல்லை. அப்படியானால் இப்போது மெய்யாகவே யாரோ முடக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினான். இத்தனை நாளும் அவன் சொன்னதை அவள் நம்பினாள். இனி அவனும் நம்பத் தொடங்கினான்.

வேலையிடத்தில் ஒரே ஒரு தரம் திறந்து பார்த்திருந்தால் போதும். அவன் பார்க்கவில்லை. அந்தப் படங்களுக்கு அவன் பயந்தான். கிறிஸ்தோப்பரின் முகத்தை அதில் கண்டுவிட்டால், அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவது எப்படி?

ஒவ்வொரு பின்னேரமும் அவன் சப்பாத்தைக் கழற்றுமுன் கிறேஸ் கேட்பாள்:

"வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லையப்பா."

ஜூன் பதின்மூன்று, சனிக்கிழமை மத்தியானம், பாலாம்பிகை வந்தாள். கிறேஸின் ஊர்க்காரி, ரொக்ஸ்பரோவில் ஒரு கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்க்கிறவள். ரயிலும் பஸ்ஸும் ஏறி, துணியால் கட்டிய பெரிய சட்டியைச் சுமந்து வந்திருந்தாள். மேசையில் வைத்து அவிழ்த்தாள். சோறும் மரக்கறியும்.

கிறேஸ் சட்டியைப் பார்த்தாள். பாலாம்பிகையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

"என்னக்கா, செத்தவீட்டுக்குக் கொண்டு வாற மாதிரி?"

பாலாம்பிகை அவிழ்த்த துணியால் சட்டியைத் திரும்ப மூடினாள். "நீங்கள் பாத்திருப்பியள் எண்டெல்லோ நினைச்சன். எனக்கே நேற்றுத்தான் கண்ணில பட்டது. தளத்தில போட்டிருக்கு, மொன்றியல் கிறேஸின்ர அண்ணன் எண்டு."

"தளமெல்லாம் முடங்கிக் கிடக்குதே, அக்கா."

"ஆர் சொன்னது? என்ர வீட்டில ஒவ்வொரு நாளும் வருது. ஒருநாளும் நிக்கேல்லை."

நிர்மல் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தான். நாற்பதாயிரம் வரிகள். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினான். இருந்தது. ஏழும் இருந்தன. அவன் பட்டியலில் அழித்தான்; பழைய கோப்பில் அவை இருந்தன. அந்தக் கெட்டிக்கார வரி ஒவ்வொரு காலையும் பழையதை எடுத்துப் புதியதோடு சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. தடுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். விட அவன் சொல்லிக்கொடுக்கவேயில்லை.

ஏழு வரிகளையும் கையால் அழித்தான். பக்கம் உடனே திறந்தது. கிறேஸ் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உந்தப் பேரெல்லாம் ஆர் எழுதினது?"

"நான்தான்."

அவனை விலத்திவிட்டு அவள் கதிரையில் உட்கார்ந்தாள். வவுனியாவில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் ஒரு அருட்சகோதரி போட்ட அறிவித்தல் அது. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று. கிறேஸ் சத்தமாக வாசித்தாள்.

"மே இருபத்தைந்து. கிறிஸ்தோப்பர், வயது நாற்பத்தொன்று, காயமடைந்துள்ளார். மொன்றியலில் உள்ள தங்கை கிறேஸைத் தேடுகிறார். தொலைபேசி இலக்கம் தொலைந்துவிட்டது."

"கிறேஸ், போதுமப்பா" என்றான் நிர்மல்.

"மே முப்பது. இப்போது பேச முடிகிறது. தங்கையின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார். கீழுள்ள இலக்கத்துக்கு அழைக்கவும்."

மூன்றாவது ஜூன் ஆறாம் திகதி. அதை அவள் சத்தமாக வாசிக்கவில்லை. பாலாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிறேஸ் அழவில்லை. இரண்டாவது அறிவித்தலிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மே முப்பது சனிக்கிழமை. அண்டைக்கு நாங்கள் எங்கை போனனாங்கள்?"

அவன் பக்கத்தை மூடக் கை நீட்டினான்; அவள் விரலை எடுக்கவில்லை.

"புரோசார்ட்டில கடைக்கு. பிள்ளைக்குத் தொட்டில் பாக்க. ஒரு தொட்டிலின்ர பக்கப் பலகையைப் பூட்டேக்கை அது உங்கட கையில கழண்டு வந்தது, நான் சிரிச்சனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கிறேஸ்..."

"பாத்தியோ, இப்பதான் நீ பழைய ஆளா வந்திருக்கிறாய் எண்டனீங்கள்."

அவன் அப்படித்தான் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.