நாற்பத்தேழாம் சிப்பியின் இரண்டாவது கோடு

...இல்லை, நாற்பத்தேழாம் சிப்பிக்கு ஒரே கோடுதான், போன வாரம் இதையே எப்படி இரண்டு என்று எழுதினோம், கண்ணை எங்கே அடகு வைத்திருந்தோம்... அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். சிப்பிச் சதையை அரைத்து, மின்சாரம் பாய்ச்சி ஜெல் தகட்டில் ஓட்டிச் சாயம் போட்டால் நொதி நீலக் கோடாக எழும்பும், தாயும் தகப்பனும் ஒரே வகையைக் கொடுத்திருந்தால் ஒரு கோடு, வேறு வேறு வகை என்றால் இரண்டு, இரண்டு உள்ளவைதான் பெரிதாக வளர்கின்றன என்பது மூன்று வருடம் முட்டிமோதிக் கண்ட முடிவு, இன்று ஐந்து மணிக்குள் இந்தக் கோடுகளின் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் பட்டம் கைக்கு வந்த மாதிரி. காலையில், சிப்பிகளின் அளவை எழுதிவைத்த தாளில் காபி கொட்டியது, அது காயும்வரை சும்மா இருப்பானேன் என்று ஜெல்களை மறுபடி வாசிக்கப்போய், அங்கே பிடித்தது சனி. எது பெரிய சிப்பி, எது சின்னது என்று தெரியாதபோது மங்கலான கோடெல்லாம் மங்கலாகவே நிற்கிறது. தாள் பக்கத்தில் இருந்தபோதோ, பெரிய சிப்பி என்றால் மங்கலும் இரண்டாவது கோடாகக் கணக்கில் சேர்ந்தது, சின்னது என்றால் சாயம் பிசகிவிட்டது என்று தள்ளுபடி... பொய் எழுதவில்லையே, சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. மங்கல் கோடுகள் அறுபத்திரண்டு, அவற்றை எடுத்துவிட்டால் முடிவு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் வாசலில் நின்று அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டார். அவள் நிமிர்ந்தாள். "இல்ல சார், அளவைப் பார்க்காம எல்லாத்தையும் மறுபடி வாசிக்கணும்." அவர் அவளையும் ஜெல்லையும் மாறி மாறிப் பார்த்தார், "அப்போ அடுத்த வருஷம்தாம்மா" என்றார், கோபமில்லாமல்தான், போய்விட்டார். அழுகை வரும் என்று பார்த்தாள், அதற்குள் கணவனின் போன். சின்னவள் கணக்குப் பாடத்தில் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்துத் தப்பாகப் போட்டிருக்கிறாளாம், அம்மா திட்டுவாள் என்று நோட்டை ஒளித்துவைத்திருக்கிறாளாம். "திட்டாதே, பெரியவனும் ஒரு தடவை இப்படித்தான் போட்டான்." நான் அப்போது என்ன சொன்னேன் என்று கேட்டாள், ஏன் கேட்டோம் என்றிருந்தது. "யோசிக்கிற பிள்ளைன்னு எல்லார்கிட்டயும் காட்டினியே." காட்டினோம், ஆமாம், பக்கத்து வீடு வரைக்கும்... நேற்று சின்னவள் இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டபோது மட்டும் கவனம் பத்தாது என்று சொன்னது யார், அதுவும் சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. போனை வைத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து காய்ந்த தாளின் அளவுப் பத்தியின் மேல் ஒட்டினாள், முதல் சிப்பியிலிருந்து தொடங்கினாள், ஒன்று, ஒன்று, இரண்டு, இங்கே தாளை ஒட்டி மறைத்துவிடலாம், வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் கதவைத் திறக்க ஓடி வருவார்களே, எது பெரியவன், எது சின்னவள் என்று தெரியாதபடி அங்கே எதை மறைப்பது...