நிறுத்தினவங்களுக்கு நன்றி

மின்விசிறி செய்யும் இரண்டு போட்டிக் கம்பெனிகளில், கணவன் ஒன்றிலும் மனைவி இன்னொன்றிலும் வேலை பார்த்தால் வீடு எப்படி இருக்கும்? ஃபிட்டரின் வீடு அப்படித்தான் இருந்தது. கூடத்தில் அவர் கம்பெனி விசிறி, படுக்கையறையில் அவள் கம்பெனி விசிறி. எது ஒழுங்காகச் சுற்றுகிறது என்ற வாய்ச்சண்டை கல்யாணமான நாளிலிருந்து ஓயவில்லை.

முதலாளிகள் அதை ஒரே கையெழுத்தில் முடித்துவைத்தார்கள். மனைவியின் பெரிய கம்பெனி, ஃபிட்டரின் சின்னக் கம்பெனியை வாங்கிவிட்டது. சின்ன ஃபேக்டரியைப் பூட்டி, ஆட்களைப் பெரிய ஃபேக்டரிக்கு மாற்றினார்கள். ஃபிட்டரும் கூட்டாளிகளும் போய்ச் சேர்ந்தது, மனைவி சூப்பர்வைசராக இருந்த உற்பத்தி லைனில்.

‘நாம் ஒரே குடும்பம்’ என்று சுவரில் எழுதி, பலூன் கட்டி, கேக் வெட்டினார்கள். கேக் தின்ற வாயைத் துடைத்த கையோடு, கேன்டீனில் இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பேக்கிங்கில் எதற்கும் வாதாடுகிற பழைய ஆள் ஒருவர் உண்டு, வக்கீல் என்பார்கள். அவர் புது ஆட்களுக்கு ‘வாங்கின சரக்கு’ என்று பெயர் வைத்தார். ஃபிட்டர் பாடு இரண்டுங்கெட்டான். “வீட்டோட மாப்பிள்ளை! உனக்கென்னப்பா கவலை?” என்று சொந்தக் கூட்டாளிகளே குத்தினார்கள்.

பெரிய ஃபேக்டரியில் ஒவ்வொரு மேஜையிலும் லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது. சூப்பர்வைசர் தவிர யாரும் தொடக் கூடாது. சின்னக் கம்பெனியிலோ யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அழுத்தலாம்.

ஒரு நாள் பழைய பழக்கத்தில், சின்னக் கம்பெனியிலிருந்து வந்த பூனை அழுத்திவிட்டாள். சத்தமில்லாமல் நடப்பதால் அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர். மொத்த லைனும் நின்றது. மேனேஜர் ஓடிவந்தார்.

“மோட்டார் உரசுற சத்தம் கேட்டுச்சு சார்.”

கழற்றிப் பார்த்தார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் போன தள்ளுவண்டியின் சக்கரம்தான் கிறீச்சிட்டிருக்கிறது. வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார்.

“யாரைக் கேட்டும்மா கை வச்சே?” என்று மேனேஜர் கத்தினார். பூனைக்குக் கண் தளும்பியது.

அப்போதுதான் ஃபிட்டர் கை தட்டினார். ஒற்றை ஆளாக. கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

“என்ன இது?” என்றாள் மனைவி.

“எங்க பழைய ஃபேக்டரியில நிறுத்தினவங்களுக்குக் கை தட்டி நன்றி சொல்லுவோம். தப்பா நிறுத்தினாலும்தான். இன்னைக்குத் திட்டு வாங்கினா, நாளைக்கு நிஜமாவே கோளாறு வரும்போது யாரு கை வைப்பா?”

அவள் பூனையின் தோளில் கை வைத்தாள். “நன்றிம்மா” என்றாள். மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“சார், போன தடவை கடைகள்லேருந்து விசிறி மூட்டை மூட்டையா திரும்பி வந்துச்சே? அந்தக் கோளாறை என் ஆளுங்க முன்னாடியே பார்த்திருக்காங்க. பயத்துல வாயைத் திறக்கல. எனக்கு அந்த அவமானம் போதும். இனிமே என் லைன்ல யார் வேணும்னாலும் நிறுத்தட்டும்.”

“உற்பத்தி குறைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

ஃபிட்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் கம்பெனிக்காகவா, பெண்டாட்டிக்காகவா என்று பிரித்துச் சொல்ல அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். “அத்தனை பேர் முன்னாடி என்னை மாட்டிவிட்டுட்டீங்களே!”

“மாட்டிக்கிட்டவ மாதிரியா பேசினே? ராணி மாதிரி இல்ல பேசினே!”

“போதும், ஐஸ் வைக்காதீங்க” என்றாள். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

பெரிய கம்பெனியின் பழைய ஆட்கள் பல நாள் பொத்தான் பக்கமே போகவில்லை. கடைசியில் அழுத்தியது யார் தெரியுமா? வக்கீல்! இறக்கை ஒன்றில் மயிரிழை விரிசல். ஓடும்போது உடைந்திருந்தால் யார் தலையிலாவது விழுந்திருக்கும். முதலில் கை தட்டியது பூனை. அன்றைக்கு மத்தியானம் வக்கீல் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு புது ஆட்களின் மேஜைக்கு வந்து, “கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா” என்றார்.

அடுத்து மற்ற லைன்களும் அந்த உரிமையைக் கேட்டு வாங்கின. வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிவந்த மேனேஜர், பொத்தானைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: “யார் வேணும்னாலும் நிறுத்தலாம். இது எங்க கம்பெனியோட வழக்கம்.”

கூட்டாளிகள் ஃபிட்டரைப் பார்த்தார்கள். அவர் திருத்தவில்லை. ஸ்பேனரைத் துடைத்தபடி, “ஆமா சார், எங்க வழக்கம்தான்” என்றார்.