கிணற்றுக்காரரைக் கொல்ல முடியவில்லை

1

இந்தக் கதை எனக்கு விலங்கு ரோமம் வைத்த ஒரு கோட்டுக்குள் கிடைத்தது. நவம்பர் வெயிலில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மலைப்பக்கத்துச் சாரணர் முகாம் ஒன்றில், பைன் மரங்களுக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். நான் எதிரிகளான கறுப்புச் சவாரிப் படையின் வீரன். குதிரை கிடையாது. போர் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தொடங்க வேண்டுமென்றால் ஒரு கிழவர் சாக வேண்டும், அவர் சாகவில்லை.

(“கிழவர்” என்று போட்டதற்கு லிண்ட்ஸே என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார். இருக்கட்டும்.)

வேட விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஊரிலிருந்து ஆட்கள் வந்து, இல்லாத ஒரு நாட்டின் குடிமக்களாக வார இறுதியைக் கழிப்பார்கள். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, வசனமும் கிடையாது. வாள் ரப்பர் நுரை. ஆட்டக்காரர்கள் தங்கள் விருப்பப்படி வீரராகவோ வைத்தியராகவோ வாழ்வார்கள். அவர்களுக்கு விற்க, வழிசொல்ல, அடிபட்டுச் சாக வேறு ஆட்கள் வேண்டுமல்லவா? அந்தத் துணை வேடங்களுக்குத் தன்னார்வலர்கள் வருவார்கள். நானும் லிண்ட்ஸேயும் அந்த வகை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “லிண்ட்ஸே ஹாடோ மூன்றாம் முறை செத்தபோது காலைத் தேநீர்கூட வந்திருக்கவில்லை.” உண்மைதான். அன்று காலை, கிணற்றடிக்கு அனுப்பும் முன், அவரை அடிபட்டுச் சாகும் பூதமாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் சிரித்துவிட்டு அவரை ஒரு கோமாளியாகவே வைத்துக்கொள்வீர்கள்.

அடுத்தது: “ஒரு மனிதனை ஊரே திட்டும்போது அவன் மனத்துக்குள் என்ன” — வேண்டாம். கட்டுரை வாடை.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

லிண்ட்ஸே முப்பது ஆண்டு சுற்றுவட்டார ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். சனிக்கிழமை மதியமானால் வெள்ளைச் சட்டையில் மைதானத்துக்குள் இறங்குவார். இரண்டு ஊர்க்காரர்களும் எந்த வேறுபாடும் இல்லாமல் அவரைத் திட்டுவார்கள். அந்தக் குளிர்காலம் முட்டி பிசகி, ஓய்வு பெற்றுவிட்டார். சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுப் புல்லை வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்டுவதற்குப் புல் மிச்சமில்லாத நிலைமை.

அவருடைய அக்கா மகள் பிரியோனிதான் அந்த விளையாட்டை நடத்துபவள். பகலில் கால்நடை மருத்துவமனையில் வேலை, மற்ற நேரமெல்லாம் இல்லாத நாடுகளைக் கட்டுவது. கிணற்றுக்காரன் கொரினாக நடிக்க வேண்டியவருக்கு வயிற்றுப்போக்கு என்றதும் மாமாவை அழைத்தாள். வேலை சுலபம் என்றாளாம். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கணும், ஊர்வம்பு பேசணும், சனிக்கிழமை மதியம் அம்பு பட்டுச் சாகணும். அந்தச் சாவில் ஊர் கொதித்தெழுந்து போருக்குப் போகும்.

சாவதற்கு வசனம் உண்டா என்று கேட்டாராம். இல்லை, விழுந்தால் போதும் என்றாளாம்.

4

பிரியோனி கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. லிண்ட்ஸே கிணற்றுக்காரனாக நடிக்கவில்லை, கிணற்றுக்காரனாகவே ஆகிவிட்டார்.

வெயில் ஏறியதும் யார் முகம் வெளுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கவசம் போட்ட ஒரு பிரபுவை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அதட்டினார். இரண்டு கூலிப்படையினர் யார் முதலில் வெட்டியது என்று சண்டை போட்டபோது, கொஞ்சம்கூட யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னார். அவர்களும் கொஞ்சம்கூட யோசிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். மதியத்துக்குள் ஊருக்குள் யாருக்கு என்ன தகராறு என்றாலும் கிணற்றடிக்கு வரத் தொடங்கினார்கள். “கொரின் பெருசு சொல்லிட்டா சரிதான்ப்பா” என்று ஒருத்தன் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

மதியம் அம்பு வந்தது. நெஞ்சில் பட்டது. லிண்ட்ஸே அழகாக விழுந்தார்.

நாங்கள் மரங்களுக்குப் பின்னால் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டோம்.

5

இங்கே ஹுவோங் வருகிறாள். இவளைப் பற்றித்தான் எனக்கு ஐயம். ஊர் வைத்தியச்சியாக வேடம் போட்டவள் நிஜத்திலும் மருத்துவமனைச் செவிலி என்றால், கதைக்காக நான் செய்த ஏற்பாடு என்பீர்கள். ஒரு பிரதியில் அவளை வங்கி ஊழியர் ஆக்கிப் பார்த்தேன். அப்படி ஆக்கியதும் அவள் ஓடவே இல்லை. நின்று வேடிக்கை பார்த்தாள். ஆகவே செவிலியாகவே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

விளையாட்டின் விதி இது: காயத்தின்மேல் இரு கையையும் அழுத்தி, ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்தால் ஆள் பிழைப்பான். ஹுவோங்குக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு ஒரு சூப்பர்மார்க்கெட் விளம்பரம்தான். தக்காளி விலைக் குறைப்பை அவள் ஒப்பாரிபோல இழுத்து இழுத்துப் பாடினாள். சுற்றிலும் ஊரே கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கொரின் கண்ணைத் திறந்தார்.

நாங்கள் பொத்தானைக் கழற்றினோம்.

பிரியோனி அடுத்ததாக விஷம் கலந்த ரொட்டியை அனுப்பினாள். கூலிப்படையினர் முதல் கடியைத் தாங்களே கடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு கத்தியோடு ஒரு கொலைகாரி. மறுபடி கொரின் விழுந்தார். மறுபடி தக்காளி விலை குறைந்தது.

6

(இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டவைத்திருக்கிறேன். ஒட்டு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பிரியோனி மாமாவை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

“மாமா, நீங்க சாகணும்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சா செத்துத் தொலைய வேண்டியதுதானே?”

“நான் ஒழுங்காத்தான் சாகறேன். அவங்க விடமாட்டேங்கறாங்க.”

“பொய் சொல்லாதீங்க. ரெண்டாவது தடவை ஹுவோங் எங்க நிக்கறான்னு திரும்பிப் பார்த்துட்டு, அவ பக்கமாத்தானே விழுந்தீங்க? நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

லிண்ட்ஸே விறகுக் கட்டையின்மேல் உட்கார்ந்தார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

“இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து ஓடிவந்தவன் எல்லாம் திட்டத்தான் வந்திருக்கான், பிரியோனி. முட்டி போய் நான் கீழ கிடந்த அன்னிக்குக்கூட, எந்திரிச்சு விசில ஊதுய்யான்னு ஒருத்தன் கத்தினான். இங்க நான் விழுந்தா பிடிக்க ஓடிவர்றாங்க. இன்னும் ஒரே ஒரு தரம் விழுந்துக்கறேனே.”

அவளுக்கு அதற்கு மேல் அதட்ட வரவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. போன இரண்டு விளையாட்டும் பாதியிலேயே சப்பென்று போய்விட்டன. இதுவும் போரில்லாமல் முடிந்தால் இனி யாரும் வரமாட்டார்கள். மரத்துக்குப் பின்னால் ஒரு படையே வேர்த்துக்கொண்டு நிற்கிறது. இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்தபோது லேசாக அழுதிருந்தாள் என்று லிண்ட்ஸே சொன்னார். அழவில்லை, புழுதி என்று பிரியோனி சொன்னாள்.

அடுத்த முறை வேறு பக்கமாக விழுகிறேன் என்று லிண்ட்ஸே வாக்குக் கொடுத்தார்.

7

வாக்குக் கொடுத்தவர் நேரே ஹுவோங்கிடம் போனார். தலைமேல் கையை வைத்தார். இப்போது பேசுவது வேடம் இல்லை, ஆள் என்பதற்கு அதுதான் அடையாளம். அவளும் தலைமேல் கையை வைத்தாள். அடுத்த தடவை என்னை விட்டுடும்மா, பாடாதே என்றார்.

ஹுவோங் தலைமேல் வைத்த கையை எடுக்காமலே சொன்னாளாம்:

“வார்டுல, போதும் விட்டுடுன்னு யாராவது வந்து சொல்லுவாங்க. சரிதான், சொல்ல வேண்டிய நேரத்துலதான் சொல்லுவாங்க. நானும் கையை எடுத்துடுவேன். இங்க அந்தப் பேச்சை எடுக்காதீங்க. வேற எது வேணா கேளுங்க, செய்யறேன்.”

(இந்த இடத்தில் மருத்துவத்தைப் பற்றியும் சாவைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் சொன்னதே போதும்.)

ஒருத்திக்கு அவர் சாக வேண்டும், இன்னொருத்திக்குச் சாகவே கூடாது. இரண்டு பேர் சொல்வதும் சரி. நடுவராக இருந்த காலத்தில் இப்படி ஒரு சிக்கல் வந்ததே இல்லை என்று லிண்ட்ஸே பின்னால் சொன்னார். அங்கே எப்போதும் இரண்டு பேர் சொல்வதும் தப்பாக இருக்குமாம்.

யோசித்தார். பிறகு, “அப்ப என்னைக் கடத்திட்டுப் போகட்டும்” என்றார்.

“யாரு?”

“அந்தக் கோட்டுக்காரங்கதான். பாவம், சும்மாதானே நிக்கறாங்க. நீங்க எல்லாரும் மீட்க வாங்க. சண்டை வந்துடும்ல?”

இருவரும் தலைமேல் கையோடு புல்வெளியைக் கடந்து பிரியோனியிடம் நடந்தார்கள். இது என் திட்டத்திலேயே இல்லையே என்றாள் அவள். அப்புறம் முதல்முறையாக அன்று சிரித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“மீட்க வரும்போது நீங்க பிழைக்கறதா சாகறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க மாமா. நான் சொல்லமாட்டேன். என்கிட்டயும் முன்னாடியே சொல்லாதீங்க.”

8

கடத்தப் போன இருவரில் நானும் ஒருவன். கிணற்றடியில் பாய்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். பயங்கரமாக இருந்திருக்க வேண்டிய காட்சி. ஆனால் அந்த முட்டியோடு அவரால் ஓட முடியாது.

“மெதுவாக் கடத்துங்கப்பா” என்றார்.

மெதுவாகக் கடத்தினோம். பின்னால் ஊர் எழுந்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. பிரபுவும் கூலிப்படையும் முறைத்துக்கொண்டு திரிந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். பிரியோனி கொட்டகைக் கூரைமேல் ஏறி நின்று பார்த்தாள்.

எங்கள் முகாமில் அவரை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டினேன். ரொம்பத் தளர்வாக இருக்கிறது, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இறுக்கச் சொன்னார். ரொட்டியில் சுருட்டிய சாஸேஜ் ஒன்று கொடுத்தோம், வெங்காயத்தோடு. சாப்பிட்டுக்கொண்டே சரிவைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு அவர்கள் மரங்களுக்குள் ஏறி வந்தார்கள். அவருடைய பெயர் இல்லைதான், கொரினுடையது. அவர் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளவில்லை.

9

முடிவுகள்.

(அ) ஹுவோங் கட்டை அவிழ்க்கிறாள். ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விருந்து.

(ஆ) குறுக்கே வந்த வாளை வாங்கி விழுகிறார். ஹுவோங் பாட்டை முழுதாகப் பாடுகிறாள். கண் திறக்கவில்லை. இந்த முறை யாரும் அவளிடம் போதும் என்று சொல்லவில்லை. எப்போது எடுக்கலாம் என்று தோன்றுகிறதோ, அப்போது அவளே கையை எடுக்கிறாள்.

(இ) ஊர் அவரை அரசராக்குகிற — சீ, வேண்டாம்.

நடந்தது எனக்குத் தெரியும்; கயிற்றின் மறுநுனி என் கையில்தான் இருந்தது. பிரியோனி மூன்றையும் படித்துவிட்டு (இ)தான் பிடித்திருக்கிறது என்றாள். ஹுவோங் இரண்டாவதை இருமுறை படித்தாள். தாளை மடித்து வைத்துவிட்டு, காப்பி போடட்டுமா என்றாள். லிண்ட்ஸே எதையும் படிக்க மறுத்துவிட்டார். அது நான் எடுத்த முடிவு, உன்னுடையதை நீ எடு என்றார்.

என்னால் எடுக்க முடியவில்லை. நல்லவேளையாகத் தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதை எழுதாதவரை ஒன்றும் நடந்துவிடாது. ஒரு சொல்தான் பாக்கி, நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்:

முதல் ஆளாக ஹுவோங் மரங்களை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க வெளியே வந்தபோது, கிணற்றுக்காரர் கொரின், நடுவர் லிண்ட்ஸே ஹாடோ, மீதி ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, வாயோரத்துச் சாஸைத் துடைத்து, அவளை நேராகப் பார்த்துச் சிரித்தபடி