ரப்பர் விரிப்புக்கு அடியில்

வாளியக்காவின் வேனுக்கு இருக்கை வந்துவிட்டது என்பதைக் கட்டடம் கட்டடமாகப் போய்ப் பறைசாற்றியவள் அவள் குழுவில் வேலை செய்யும் நெட்டைதான். அதுவரை குழுப் பெண்கள் எல்லாரும் அந்தச் சாமான் வேனின் பின்பக்கம், கவிழ்த்துப் போட்ட வாளிகள்மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு ஒருத்தி மடியில் ஒருத்தி விழுவாள். "வாளி விளிம்பு அச்சாப் பதிஞ்சிருச்சு, வீட்டுக்காரர் கேட்டா என்னன்னு சொல்றது" என்று நெட்டை புலம்பாத நாள் கிடையாது.

புதிதாகக் கட்டிய வீடுகளைக் குடிவருமுன் கழுவித் துடைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். தரையில் இறுகிய சிமென்ட், கண்ணாடியில் தெறித்த பெயின்ட், குழாயில் படிந்த கறை எதுவும் அவர்கள் கைக்குத் தப்பாது. குழுவுக்குத் தலைவி, வேனுக்குச் சொந்தக்காரி, ஓட்டுநர் மூன்றும் ஒருத்தியே. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் "வாளி எங்கடி" என்று கேட்பதால் வாளியக்கா என்று பெயர். கூடப் பிறந்த தங்கையும் அந்தக் குழுவில்தான் வேலை செய்தாள்.

இப்போது பின்னால் இரண்டு வரிசை இருக்கை. ஒவ்வொன்றுக்கும் பெல்ட். தங்கை தன் கையால் பூப்போட்ட உறை தைத்து மாட்டியிருந்தாள். எல்லாம் பட்டறையில் முறையாகச் செய்தது, ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைச் சோதித்துப் பார்த்து அனுமதியும் கொடுத்துவிட்டார்கள் என்று வாளியக்கா சொல்லியிருந்தாள்.

சொன்னது அத்தனையும் பொய்.

பட்டறைக்கு அவள் போனது உண்மை. பட்டறைக்காரர் வேனுக்குள் ஏறி, ரப்பர் விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் தரையை ஒரு குத்துக் குத்தினார். அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வருஷக்கணக்காக ஏற்றி இறக்கிய, சிமென்ட் கறை போக்கும் ஆசிட் கேன்கள் சொட்டிச் சொட்டித் தகட்டைத் தின்றிருந்தன. தினமும் வேனைக் கழுவியவர்கள் விரிப்பின் மேலேதான் கழுவினார்கள். அடியில் தேங்கிய ஈரத்தை யாரும் பார்க்கவில்லை. ஊரார் வீட்டுத் தரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள், தங்கள் தரையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். சாமான் வண்டியில் ஆள் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் ஆபீசில் அனுமதி. அது கிடைத்தால் இற்றுப்போன தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தரை. இருக்கையின் காலும் பெல்ட்டின் நுனியும் தகட்டில் நிற்கக்கூடாது. கீழே கனமான இரும்புப் பட்டை வைத்து, வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட வேண்டும். சாமானுக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு, பின்னால் இருப்பவர்கள் இறங்க ஒரு கதவு. ஆசிட்டை ஆளோடு ஏற்றவே கூடாது. அப்புறம் மறுபடி சோதனை, பதிவில் மாற்றம், இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தகவல். அதுவரை வண்டி பட்டறையில் நிற்கும்.

வண்டி நின்றால், கையிலிருந்த அடுக்குமாடி வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். இருக்கை வருகிறது என்று குழுவிடம் ஏற்கெனவே வாயை விட்டாகிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பியவள் நேரே கொழுந்தன் கடைக்கு வண்டியை விட்டாள்.

கொழுந்தன் ஜன்னல் கம்பியும் கிரில் கதவும் செய்கிறவன். கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் கையில் எதைக் கொடுத்தாலும் அது கதவாகிவிடும். உடைசல் கடையிலிருந்து வந்த இருக்கைகளின் காலை, எறும்பு வரிசைபோல அழகாக வெல்டு வைத்துத் தரையோடு ஒட்டினான். "தகடு ரொம்ப மெலிசா இருக்கு அண்ணி" என்று ஒரு தடவை சொன்னான். மேலே ஒரு துண்டுத் தகடு வைத்து ஒட்டச் சொன்னாள். ஒட்டினான். பெயின்ட் அடித்தான். புது விரிப்பு போட்டான்.

அன்றிலிருந்து அவள் பட்டறைத் தெரு வழியாக வண்டி ஓட்டுவதில்லை. கேட்டால், அங்கே குழி அதிகம் என்பாள்.

ஒரு காலை, தங்கை தன் மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை. அதனால் மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்திருக்கிறாள், போகிற வழியில் விட வேண்டும். இத்தனை நாள் வாளிமேல் வைத்துக் கூட்டிப்போகப் பயமாக இருந்ததாம், இப்போது பெல்ட் இருக்கிறதே என்றாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று தங்கை கேட்பாள். நெட்டை வேறு, "நம்ம வண்டி இப்ப பஸ்ஸு மாதிரிடி, ஏறு" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாளியக்கா பின்பக்கம் ஏறி, குழந்தையை இரண்டாவது வரிசையில் தங்கைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, ஒருமுறை தட்டியும் விட்டாள். முன்னால் வந்து தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அவளுடைய இருக்கை வண்டியோடு கம்பெனியிலேயே போட்டு வந்தது.

காப்பகம் பட்டறைத் தெருவில் இருந்தது. மாட்டு வண்டியைவிட மெதுவாக ஓட்டினாள். பின்னாலிருந்து கிண்டல் வந்தது. திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தாள். ஓங்கிக்கூட மிதிக்கவில்லை.

பின்னால் துணி கிழிவதுபோல ஒரு சத்தம்.

இரண்டாவது வரிசை அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டது. தங்கை ஒரு கையால் முன் இருக்கையைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் குழந்தையை அணைத்திருந்தாள். அவள் முழங்கையில் ரத்தம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது, இன்னொரு தடவை என்றது.

இருக்கையின் கால், டப்பா மூடியைப் போலத் தகட்டைத் தன்னோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. வெல்டு அப்படியே இருந்தது, எறும்பு வரிசை கலையவில்லை. ஓட்டை வழியாகத் தார் ரோடு தெரிந்தது.

எல்லாரும் அதையே பார்த்தார்கள். வாளியக்கா அவர்களுடைய திட்டுக்குக் காத்து நின்றாள். வந்திருந்தால் தாங்கியிருப்பாள். ஆனால் நெட்டை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்கக்காவ ஏமாத்திப்புட்டான் பாரு அந்தப் பட்டறைக்காரன்" என்றாள். பட்டறை இதோ நாலு கடை தள்ளித்தானே, வாங்க கேட்போம் என்று பிய்ந்து கீழே விழுந்திருந்த ஒரு தகட்டுத் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். வேண்டாம், நான் அப்புறம் பேசிக்கிறேன் என்றாள் வாளியக்கா. "நீ வாயில்லாப் பூச்சிக்கா, நீ கேக்க மாட்ட" என்று அவளைப் பின்னால் தள்ளிவிட்டுப் பெண்கள் நடந்தார்கள். தங்கை ரத்தத்தைத் துடைக்காமலே குழந்தையோடு முன்னால் போனாள்.

பட்டறைக்காரர் ஒரு வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்தார். வேலை செய்கிறவர்கள், காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லார் முன்னாலும் நெட்டை அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா, இதற்குப் பதில் நீ பிச்சை எடுக்கலாமே என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவர் தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தலை நிமிர்ந்து, பெண்களுக்குப் பின்னால் நின்ற வாளியக்காவைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாள். அவரோ அவளுக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அவரத் திட்டாத" என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். "அவர் செய்யல. தரை இத்துப்போச்சுன்னு அன்னிக்கே சொன்னாரு. நான்தான் வண்டிய இங்க விடாம, கொழுந்தன்கிட்டப் போயி ஒட்டவச்சேன். ஆபீசுக்கும் போகல. அனுமதியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நெட்டையின் கை மெல்லக் கீழே இறங்கியது. "மன்னிச்சுக்கங்கய்யா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வாளியக்காவின் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

தங்கைதான் கிட்டே வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேவாக்கா பெல்ட் போட்டுவிட்ட? உன் கையாலயே போட்டுவிட்டியே."

வாளியக்கா தன் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று சொல்வார்களே, அது எவ்வளவு நிஜமான ஆசை என்று அப்போது புரிந்தது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்தை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். வண்டியை உள்ளே தள்ளச் சொன்ன பட்டறைக்காரர், "மொதல்ல ஆபீசுக்குப் போயிட்டு வாங்கம்மா. அனுமதி வராம நான் ஆணி கூட அடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுக்குமாடி வேலை போயிற்று. ஆபீசுக்கு அலைந்தாள். யார் கேட்டாலும் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சுலபமாகவில்லை. சின்னச் சின்ன வேலைகளுக்குக் குழு பஸ்ஸில் வந்துபோயிற்று. பேச்சு வேலையோடு நின்றது. வாளி எங்கடி என்று கேட்கவே அவளுக்கு நாக்கு கூசியது.

புதுத் தரை, புது இருக்கை, நடுவே தடுப்பு, கூரைமேல் ஆசிட் கேனுக்குத் தனிப் பெட்டி, சோதனை முடிந்த பதிவு எல்லாம் சேர்ந்து வேன் ஒரு காலை கட்டட வாசலில் வந்து நின்றது. வாளியக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். முறையாகச் செய்தது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வாக்கியத்தை முன்பே ஒருமுறை செலவழித்தாகிவிட்டது.

யாரும் ஏறவில்லை. நெட்டை விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஒருத்தி இருக்கையைக் காலால் உதைத்துப் பார்த்தாள். இன்னொருத்தி பெல்ட்டைத் தொங்குகிறவள்போல் பிடித்து இழுத்தாள். தங்கை ரோட்டில் மண்டியிட்டு, வேனுக்கு அடியில் தலையை நுழைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டு எண்ணினாள். போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாளியக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து, அவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றாள்.

தங்கை எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பாப்பா எங்கடி?" என்று மெதுவாகக் கேட்டாள் வாளியக்கா.

"அவங்கப்பா சைக்கிள்ல கொண்டுபோய் விட்டுருவாரு" என்றாள் தங்கை. ஏறி உட்கார்ந்து, தன் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள்.