ராபர்ட் கை வைத்த இன்ஜின்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு மெக்கானிக் கை வைத்த இன்ஜினை இன்னொரு மெக்கானிக் திறக்க மாட்டான். முதல் ஆள் வாயைத் திறந்து, இனி நீ பார்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்த இன்ஜினைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசவும் மாட்டான். தொழில் மரியாதை என்று அதற்குப் பேர். யாருக்கு மரியாதை என்று மட்டும் கேட்கக்கூடாது.

ராஜ்கமல் துறைமுகத்து ஆள் இல்லை. சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்து, மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனவன். கிள்ளைப் பக்கம் புதிதாக வந்த ஒரு ரிசார்ட்டில், விருந்தாளிகளைக் கழிமுகம் வரை ஒரு சுற்று கூட்டிப்போய் வர ஸ்பீட் போட் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டான். அவன் மனைவி இலக்கியா தலையில் அடித்துக்கொண்டாள். ராபர்ட் இருக்கான், என்றான் இவன். அவள் கையை இறக்கினாள். ராபர்ட்டை அவளுக்கும் தெரியும்.

ராபர்ட் முதுநகரில் படகு இன்ஜின் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் இவனோடு ஒரே பெஞ்சு. ராஜ்கமலின் அப்பா செத்தபோது பந்தல்காரன் முதல் பால் வரை எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடியவன். மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இருவரும் நிஜ மச்சான்கள் மாதிரியே ஆகிவிட்டார்கள். அப்படிப்பட்டவனைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

படகைக் கண்டுபிடித்ததும் ராபர்ட்தான். பண்ருட்டியில் செந்தமிழ்செல்வன் என்ற முந்திரி வியாபாரி ஆசைக்கு வாங்கி, ஆசை தீர்ந்து, குடோனில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். இருநூறு குதிரைச் சக்தி இன்ஜின். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை. தார்ப்பாயை விலக்கியதும் ராஜ்கமல் அந்தப் பட்டையை விரலால் தடவினான். ராபர்ட் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். இந்தப் படகை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன் என்று அவனாகவே இரண்டு தடவை சொன்னான்.

பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் புதுச்சேரியிலிருந்து ஒரு கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்து, கம்ப்யூட்டரில் மாட்டி, சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தம் பார்த்துத்தான் வாங்குவார்கள். ராஜ்கமலும் அந்த ஆளிடம் பேசி வைத்திருந்தான். சொன்னதும் ராபர்ட்டின் முகம் சுருங்கியது. அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ராஜ்கமல் அங்கேயே போனைப் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நண்பன் மனம் கோணக்கூடாது என்று குடும்பத்தின் சோற்றையே பணயம் வைத்த புத்திசாலி அவன்.

வெள்ளோட்டம் உப்பனாற்றில். ராஜ்கமல் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த இன்ஜினை நாமே ஸ்டார்ட் செய்து பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்பது படகு வாங்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இவனுக்கு எப்படித் தெரியும்? படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்ததில், இவன் சின்னப் பையன் மாதிரி கத்தினான்.

வாங்கிக் கிள்ளைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தப் படகை அவன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கரையேற்றி, இன்ஜின் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைகளில் ரப்பர் மூடியை மாட்டி, ஹோஸ் பைப்பில் நல்ல தண்ணீர் விட்டு, உள்ளே இருக்கும் உப்பெல்லாம் போகும்வரை ஓட விடுவான். கிரீஸ் வைப்பான். துடைப்பான். அப்படியும் நாலு சவாரிக்கு ஒரு தடவை இன்ஜின் அலறும், சூடேறும், வெள்ளைப் புகை விடும். ராபர்ட் வருவான். தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரத்தை மாற்றுவான், பிளக்கை மாற்றுவான். சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டை மட்டும் திறக்க மாட்டான். ராஜ்கமல் கூடவே நின்று டார்ச் அடிப்பான்.

"உப்பு மச்சான். நீ சரியா கழுவல."

இதைத்தான் ராபர்ட் ஒவ்வொரு தடவையும் சொன்னான். ராஜ்கமலும் நம்பினான். இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் விட்டான். இலக்கியா சாப்பிடக் கூப்பிட்டால், இரு, உப்பு போகவில்லை என்பான். தன் கை ராசியில்லாத கை, ஒரு பொருளை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவன் என்று அவளிடமே புலம்பினான். அவளும் ஆறுதல் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கழிமுகத்துக்குப் போனபோது இன்ஜின் ஒரேயடியாக நின்றது. கடல் வற்றம், ஆற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரம். படகு மெல்ல மெல்லக் கடலைப் பார்த்து நகர்ந்தது. அந்தக் குடும்பத்து அம்மாள் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு இவன் முகத்தையே பார்த்தாள். மீன்பிடித்துத் திரும்பிய ஒரு ஃபைபர் படகு கயிறு போட்டு இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. ரிசார்ட் மேனேஜர் ஸ்ரீமதி சத்தம் போடவில்லை. இன்ஜினை முழுசாகத் திறந்து பார்த்து, சரி என்று ஒரு மெக்கானிக் வந்து நேரில் சொல்லும்வரை படகு தண்ணீரில் இறங்கக்கூடாது என்றாள்.

ராபர்ட்டுக்குப் போன் போட்டான். நாளைக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. பரங்கிப்பேட்டையில் மூத்த மெக்கானிக் அந்தோணிசாமியின் வீட்டுக்கே போய்க் கேட்டான். அவர் டீ கொடுத்தார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், இன்ஜின் பேச்சு வந்ததும் தரையைப் பார்த்தார். ராபர்ட் சொல்லாமல் தன்னால் தொட முடியாது, தம்பி கோபித்துக்கொள்ளக்கூடாது என்றார்.

கடைசியில் இன்ஜினைக் கழற்றி ஒரு மினி லாரியில் ஏற்றி, சிதம்பரம் பைபாஸில் டிராக்டர் இன்ஜின் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனான். துறைமுகத்துச் சட்டம் அங்கே செல்லாது. பட்டறைக்காரர் ஹெட் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் போகவே வழியில்லாத இடங்களிலெல்லாம் ஆற்று வண்டல் காய்ந்து அப்பியிருந்தது. சிலிண்டர் சுவரில் துரு தின்ற குழிகள். தண்ணீரில் முங்கி எழுந்த இன்ஜின், என்றார் அவர். கழுவாததால் இப்படி ஆகுமா என்று ராஜ்கமல் கேட்டான். அவர் சிரித்தார்.

அதைவிட இன்னொன்று அவன் கண்ணில் பட்டது. மூடிக்குள் இருந்த ஹெட் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் ஊதா நிற நெயில் பாலிஷில் ஒரு கோடு. போல்ட்டை முறுக்கிய பிறகு, அது தளர்ந்தால் தெரியட்டும் என்று தன் மனைவி சுவேதாவின் பாட்டிலை எடுத்து அப்படிக் கோடு போடுகிறவன் இந்தக் கரையில் ராபர்ட் ஒருத்தன்தான். வாங்கிய பிறகு அவன் ஹெட்டைத் திறந்ததே இல்லை. அப்படியென்றால் இந்தக் கோடு அதற்கு முன்னால் போட்டது. ராஜ்கமல் அங்கேயே டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

நேராக முதுநகருக்குப் போனான். பஸ்ஸில் வழிநெடுக, ராபர்ட் ஒரு வார்த்தை, தப்பு பண்ணிட்டேன் என்று சொன்னால் போதும், விட்டுவிடலாம் என்றே நினைத்துக்கொண்டு போனான். இன்ஜின் போனால் போகட்டும், அவன் போய்விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ராபர்ட் ஷெட்டில் இருந்தான், கையெல்லாம் கிரீஸ். ஊதாக் கோட்டைப் பற்றிக் கேட்டதும் மறைக்கவில்லை. முந்திரிக்காரரின் படகை அவன்தான் பராமரித்து வந்திருக்கிறான். ஒரு நாள் படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் ஓட்டையை அடைக்கும் தக்கையைப் போட மறந்து ஆற்றில் இறக்கிவிட்டான். கட்டிய இடத்திலேயே படகு முழுகிப்போயிற்று. விற்றுக்கொடு, இல்லாவிட்டால் நீயே வைத்துக்கொண்டு பணத்தைக் கொடு என்று அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறார்.

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?" என்றான் ராஜ்கமல்.

"வேற யார்னா கம்பெனி ஆள கூட்டியாந்து பாப்பாங்க மச்சான். நீ ஒருத்தன்தான் பாக்க மாட்ட."

எந்த வெட்கமும் இல்லாமல், இருப்பதைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். ராஜ்கமலுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான். அந்தோணிசாமிக்குப் போன் போட்டு இன்ஜினை விட்டுக்கொடு என்றான். நானே சரி பண்ணித் தருகிறேன், அடுத்தவனை விடாதே என்று ராபர்ட் கெஞ்சினான். இவன் அசையவில்லை.

கிரீஸ் கையோடு ராபர்ட் விரல் முட்டியால் நம்பரை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"அண்ணே, ராஜ்கமல் இன்ஜின இனிமே நீங்களே பாத்துக்குங்க. அவனுக்கு மெஷின வச்சுக்கத் தெரியல. எனக்கும் வேல ஜாஸ்தி."

எதிரில் நிற்கிறவனை வைத்துக்கொண்டே சொன்னான்.

"யார்கிட்டடா சொல்ற?" என்றார் அந்தோணிசாமி. "முங்குன இன்ஜின அவன் தலைல கட்டிட்டு. வூட்டுக்கு வந்தான் பாவம், மூஞ்சிய பாக்க முடியல. இன்னைக்காவது வுட்டியே."

ராபர்ட் போனை அணைக்கக் கையை நீட்டினான். ராஜ்கமல் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நான் ராஜ்கமல் பேசறேன். இன்னும் யாராருக்குத் தெரியும்?"



"தம்பி," என்றார் அவர், "ஒனக்கு மட்டும்தான் தெரியாது."